சின்ன வயதில் கல்லூரி: முதல் வருடம் எந்தப் பாடங்களை எடுப்பது?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை முடிக்காமலேயே, 14, 15 வயதில் முழுநேரக் கல்லூரி மாணவராகச் சேர வழி இருக்கிறது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1977-லிருந்து இப்படி ஒரு திட்டம் நடக்கிறது, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1980-களிலிருந்து. டெக்சாஸின் டென்டன் நகரில், நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணித அறிவியல் அகாடமியில் 11, 12-ஆம் வகுப்புக்குப் பதிலாக நேரடியாகக் கல்லூரிப் பாடங்களையே படிக்கலாம். இடம் கிடைத்தவுடன் வீட்டில் எழும் முதல் கேள்வி, என்ன மேஜர், அதாவது எந்தத் துறையில் பட்டம் என்பது. அதை ஓரமாக வையுங்கள். முதல் வருடத்தில் பார்க்க வேண்டியது, எந்தப் பாடத்தை இப்போது எடுக்காவிட்டால் அடுத்த வருடம் மாட்டிக்கொள்வோம் என்பதுதான்.

அதில் கணிதம்தான் முதலில் வரும். கால்குலஸ் (நுண்கணிதம்) 1, 2, 3, அதற்குப் பிறகு லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ் என்று இது சங்கிலியாகப் போகும், பெரும்பாலும் ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குள் விட மாட்டார்கள். பொறியியல் பக்கம் போகிறவர்களின் இயற்பியலும் இந்தச் சங்கிலியோடு கட்டப்பட்டதுதான், கால்குலஸ் முடித்திருக்க வேண்டும் அல்லது கூடவே படித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் எந்தப் படியில் தொடங்குவது என்று முடிவு செய்யும் பிளேஸ்மென்ட் தேர்வைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு படி கீழே உட்கார்ந்தால் ஒரு பருவம் போகும், அவ்வளவுதான். தெரியாத இடத்தில் ஒரு படி மேலே உட்கார்ந்தால்தான் விபரீதம். என்னைக் கேட்டால், கால்குலஸுக்கு முந்தைய படியான ப்ரீகால்குலஸில் தடுமாற்றம் இருக்கிற பிள்ளை தயங்காமல் அதையே இன்னொரு முறை படிக்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளை கால்குலஸ் 3-ல் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு காரணமா?

அடுத்தது ஆங்கிலக் கட்டுரைப் பாடம். காம்போசிஷன், அகாடெமிக் ரைட்டிங் என்று ஊருக்கு ஒரு பெயர். கணக்கில் புலியாக இருக்கும் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான், ஏனென்றால் இங்கே சரியான விடை என்று ஒன்று கிடையாது. நாலைந்து கட்டுரைகளைப் படித்து, அவற்றோடு வாதாடி, தன் நிலைப்பாட்டை ஆதாரத்தோடு எழுத வேண்டும், பேராசிரியர் திருப்பிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் மறுபடி எழுத வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது. முதல் பருவத்திலேயே எடுத்துவிட்டால் பின்னால் வரும் வரலாறு, உளவியல், ஏன் ஆய்வக அறிக்கை வரைக்கும் சுலபமாகும். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் எழுத்து, மேடைப் பேச்சு, தர்க்கச் சிந்தனை, கணிதம் ஆகிய நான்கையும் சி மைனஸ் என்ற கிரேடுக்குக் குறையாமல் முடித்தே ஆக வேண்டும். இந்த மேடைப் பேச்சுப் பாடம் கூச்சமுள்ள பிள்ளைக்கு நல்லது என்பது என் எண்ணம், தன்னைவிட நாலைந்து வயது பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று பேசப் பழகிவிட்டால் மற்ற வகுப்புகளில் கை தூக்குவதும் தானாக வரும்.

ஆய்வகம் உள்ள அறிவியல் பாடம் முதல் பருவத்துக்கு ஒன்று போதும். பொது வேதியியலையும் உயிரியலையும் சேர்த்து எடுத்தால் வாரத்தில் இரண்டு மதியங்கள் ஆய்வகத்திலேயே போய்விடும், அறிக்கை எழுதுவது தனி. மருத்துவம் மனதில் இருந்தால் வேதியியலில் தொடங்குங்கள், ஆர்கானிக் (கரிம) வேதியியலுக்குப் போக அதுதான் வாசல். அப்புறம் இன்னொன்று: அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது எந்த வயதில் எடுத்த கல்லூரிப் பாடமாக இருந்தாலும் அதன் மதிப்பெண்ணைக் காட்டியாக வேண்டும். 14 வயதில் வாங்கிய சி 22 வயதிலும் கூடவே வரும்.

வரலாறு, அரசியல் பாடங்களைச் சும்மா ஒப்பேற்றும் பாடங்கள் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்க அமெரிக்க வரலாறு 6 கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் எண், கணக்கு கீழே), அரசியல் 6 கிரெடிட் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. எப்படியும் எடுக்க வேண்டியதுதான், வேதியியல் கழுத்தை நெரிக்கும் பருவத்தில் மட்டும் சேர்க்காதீர்கள், வாசிக்க வேண்டியது மலைபோல இருக்கும். உளவியல் அறிமுகம், கணினி நிரலாக்க அறிமுகம் இரண்டும் பலர் விரும்பி எடுப்பவை. ஏற்கெனவே கோடிங் தெரியும் என்று நிரலாக்கத்தை அலட்சியமாக எடுப்பவர்கள் கொஞ்சம் கவனம், வாராவாரம் வீட்டுப்பாடம் நேரத்தைத் தின்னும்.

சரி, மொத்தம் எத்தனை? ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பு, வெளியே இரண்டு மணி நேர உழைப்பு என்பது பொதுவான கணக்கு. 15 கிரெடிட் எடுத்தால் வாரம் 45 மணி நேரம், பெரியவர்கள் வேலைக்குப் போகிற மாதிரிதான். பல இடங்களில் 12 கிரெடிட் இருந்தாலே முழுநேர மாணவர். முதல் பருவத்துக்கு கணிதம், எழுத்து, ஒரு ஆய்வக அறிவியல், கூடவே பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிற ஏதாவது ஒன்று, ஓவியமோ வானியலோ எதுவானாலும். இது 13, 14 கிரெடிட் அளவில் நிற்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் போல வருடத்தை நான்காகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை உள்ள இடத்தில் பருவமே 10 வாரம்தான், மூன்றாவது வாரம் ஒரு காய்ச்சல் வந்தால் விட்ட பாடத்தைப் பிடிப்பதே பெரும்பாடு, அங்கே மூன்று பாடத்துக்கு மேல் வேண்டாம்.

பதிவு செய்யும் நாளிலேயே இரண்டு கடைசித் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தடயமே இல்லாமல் பாடத்தை விடும் தேதி. இன்னொன்று, டபிள்யூ (பாதியில் விலகினார்) என்ற குறியோடு விடும் தேதி. முதல் தேர்வில் பலமாக அடி வாங்கினால் பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ஆஃபீஸ் அவர்ஸுக்குப் போய், தேறுவேனா என்று நேராகவே கேட்கலாம். ஒரே ஒரு டபிள்யூவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, தோல்வியைக் குறிக்கும் எஃப் அப்படி இல்லை. பெற்றோருக்கு ஒரு விஷயம்: கல்லூரியில் சேர்ந்துவிட்டால், 18 வயது ஆகாவிட்டாலும், மதிப்பெண் பதிவுகள் மீதான உரிமை கூட்டரசுச் சட்டப்படி மாணவருக்குத்தான். அதனால் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புவது, ஆலோசகரைப் பார்ப்பது, பாடத்தை விடுவது எல்லாவற்றையும் பிள்ளையே செய்யப் பழக வேண்டும், முதல் வாரத்திலிருந்தே.