தொலைநோக்கியில் பனி படியாமல் தடுத்த விதம் – என் அனுபவம்

ஜனவரியில் ஏலகிரியில் ஓரியன் நெபுலாவை (விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்) தொலைநோக்கி வழியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு மேல் நட்சத்திரங்கள் மங்கி, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒளிவட்டம். மேகமோ என்று அண்ணாந்து பார்த்தால் வானம் பளிச்சென்று இருந்தது. டார்ச்சைச் சாய்த்து அடித்தபோதுதான் தெரிந்தது: என் 8 அங்குல ஷ்மிட்-காசெக்ரைன் வகைத் தொலைநோக்கியின் குழாய் வாயை மூடியிருக்கும் முன்கண்ணாடி முழுக்க, ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின்மேல் பூப்பதுபோலப் பொடிப்பொடியாக நீர்.

திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் நீராக மாறும் வெப்பநிலைக்கு (பனிநிலை) கீழே இறங்கியதும் நீர் படியும். அதைத் துணியால் துடைத்துவிடாதீர்கள். தூசி கண்ணாடிப் பூச்சைக் கீறிவிடும்.

கண்ணாடி வானத்துக்குத் திறந்து நிற்பதைக் குறைக்க, கறுப்பு யோகா பாயை வெட்டி, குழாயின் வாயிலிருந்து 30 சென்டிமீட்டர் முன்னால் நீளும்படி சுற்றினேன். இரண்டு மணி நேரம் தாங்கியது. அடுத்த முறை 12 வோல்ட் ஹீட்டர் பட்டையையும் முன்கண்ணாடியை ஒட்டிக் குழாயைச் சுற்றிக் கட்டினேன். சூட்டை அதிகம் வைத்தால் குழாய்க்குள்ளே காற்று சூடாகி நட்சத்திரம் நடுங்குகிறது. பாதிக்கும் குறைவாக வைத்தாலே எனக்குப் போதுமாக இருந்தது. இருட்டியதுமே, பனி படியும் முன்பே ஹீட்டரைப் போட்டுவிட வேண்டும்.

விடியற்காலை நான்கு மணிக்குப் பாயின் வெளிப்புறம் தண்ணீர் சொட்டியது. கண்ணாடி உலர்ந்திருந்தது.