பாம்புத் தொட்டியில் ஈரம் காக்கும் சப்ஸ்ட்ரேட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் பைத்தான் (ball python) என்ற வளர்ப்புப் பாம்பு சட்டையை முழுசாகக் கழற்றாமல் துண்டு துண்டாக உரித்தால், பெரும்பாலும் தொட்டியில் ஈரப்பதம் போதவில்லை என்று பொருள். உடனே ஸ்பிரேயரை எடுத்துத் தொட்டி முழுக்கத் தண்ணீர் அடிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அடித்த நீர் மேற்பரப்பை மட்டும் நனைக்கும். ஈரப்பத மீட்டர் கொஞ்ச நேரம் 80 சதவீதத்தைத் தொடும், பிறகு பழைய இடத்துக்கே இறங்கிவிடும். அதுவரை பாம்பின் வயிறு ஈரத்திலேயே கிடக்கும். தினமும் இது நடந்தால் வயிற்றுச் செதில்கள் பழுப்பேறிச் சிவந்து கொப்புளம் கட்டும். செதில் அழுகல் தொடங்குவது இப்படித்தான். ஈரம் அடியில் இருக்க வேண்டும், மேல்பகுதி உலர்ந்திருக்க வேண்டும். சப்ஸ்ட்ரேட்டை, அதாவது தொட்டியின் அடியில் விரிக்கும் பொருளை, தேர்ந்தெடுப்பதும் பரப்புவதும் இதற்காகத்தான்.

அடி வேறு, மேல் வேறு என்று இருக்க ஆழம் தேவை. 2 செ.மீ. பரப்பினால் இரண்டும் ஒன்றாகவே நனையும், ஒன்றாகவே காயும். 8 முதல் 10 செ.மீ. போடுங்கள். 90 × 45 செ.மீ. தொட்டியில் 8 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 32 லிட்டர் பிடிக்கும். கடையில் வாங்கும் ஒரு சிறு பை இதற்குக் காணாது.

எதைப் போடுவது? தேங்காய் மட்டைச் சில்லு இரண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு என்ற கலவையை நம்பலாம். கோகோபீட்டை மட்டும் போட்டால் மேல்பகுதி காய்ந்து தூசியாகப் பறக்கும், இரையிலும் ஒட்டிக்கொள்ளும். சில்லு கலந்தால் இடையில் காற்று ஓடும். 650 கிராம் கோகோபீட் கட்டி ஏறக்குறைய 4 லிட்டர் நீரை உறிஞ்சி 8, 9 லிட்டராக உப்பும். தோட்டத்துக்கென விற்கும் கட்டியில் உப்பு இருக்கலாம், ஆகவே இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிடுங்கள். சைப்ரஸ் மல்ச்சும் (சைப்ரஸ் மரத் துருவல்) நல்லதே, ஆனால் வேறு மரத்தூள் கலக்காததா என்று பையைப் படித்துப் பாருங்கள்.

ஆஸ்பென் மரச் சீவல் உலர்ந்த தொட்டிக்கு உரியது. நனைந்தால் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். சிடார் சீவலைப் பாம்பின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதன் வாசனை எண்ணெய்கள் மூச்சுக்குழாயைப் பாதிக்கும். வாசனை வீசும் பைன் சீவலும் அப்படியே. உரமும் வெள்ளைப் பெர்லைட் மணிகளும் கலந்த தொட்டிமண்ணும் வேண்டாம்.

கலவையைத் தொட்டியில் போடுமுன் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் ஒரு தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். பிறகு மேலிருந்து தெளிக்கவே வேண்டாம். நான்கு மூலைகளிலும் மெதுவாக ஊற்றினால் நீர் அடியில் இறங்கிப் பரவும். மேலே சொன்ன அளவுத் தொட்டிக்கு அரை லிட்டரில் தொடங்கி, மறுநாள் மீட்டரைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

மீட்டரும் ஏமாற்றும். வலை மூடிக்கு அருகே ஒட்டிய முள் மீட்டர் காட்டுவதை நம்பி ஈரத்தைக் கூட்டுவது வீண் வேலை. டிஜிட்டல் ஹைக்ரோமீட்டரை (ஈரப்பத மீட்டர்) பாம்பு கிடக்கும் மட்டத்தில், குளிர்ந்த பக்கத்தில் வையுங்கள். அது சரியா என்று பார்க்க, ஒரு சிறு மூடியில் உப்பைச் சில துளி நீரில் குழைத்து, மீட்டரோடு காற்றுப் புகாத பையில் எட்டு மணி நேரம் வைத்தால் 75 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

எவ்வளவு நல்ல சப்ஸ்ட்ரேட்டாக இருந்தாலும், முழுக்க வலையாக உள்ள மூடி ஈரத்தை வெளியேற்றிவிடும். விளக்குக்கு இடம்விட்டு மூடியின் பெரும்பகுதியை அலுமினியத் தாளால் மறைக்கலாம். காற்றோட்டத்தை மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) வைத்திருந்தால் கவனம். ஆழமான சப்ஸ்ட்ரேட் வெப்பத்தை மேலே விடாது. தெர்மோஸ்டாட்டின் சென்சார் மேற்பரப்பில் இருந்தால் மேட் விடாமல் எரியும், தோண்டி இறங்கும் பாம்பு சுட்டுக்கொள்ளும். ஆழம் கூட்டினால் வெப்பத்தை மேலிருந்து கொடுப்பதே நல்லது. ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் மூச்சுத் தொற்று வரும். மூச்சில் சீழ்க்கை, வாயோரம் கோழை தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எல்லாப் பாம்புக்கும் இதே ஏற்பாடு வேண்டும் என்பதும் தவறு. பால் பைத்தானுக்கு 60 முதல் 70 சதவீதம், பிரேசிலிய ரெயின்போ போவாவுக்கு இன்னும் மேலே. கார்ன் ஸ்னேக்குக்கு 40 முதல் 60 போதும். கென்ய மணல் போவாவை இந்தக் கலவையில் விட்டால் அதற்குத்தான் தொல்லை.

புதிதாக வந்த பாம்புக்கு முதல் சில வாரம் வெறும் காகிதத் துண்டுதான். உண்ணியும் கழிவின் நிறமும் அதில்தான் கண்ணுக்குத் தெரியும். ஈரத்துக்கு, நுழைவாயில் வெட்டிய பிளாஸ்டிக் டப்பாவில் பிழிந்த ஸ்பேக்னம் பாசியைப் போட்டு உள்ளே வைத்தால் போதும். பாசியை வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.