"செத்துவிட்டது" என்று எழுதுவதற்கு முன்: வைரஸ் ஆய்வுகூடத்தில் புதியவர்கள் விடும் பிழைகள்

போன மாதம் ஒரு மாணவி என் பக்கத்து மேசையில் வேலை செய்துகொண்டிருந்தாள். வைரஸைச் சூட்டால் கொல்ல, அது இருந்த டியூபுகளை வாட்டர் பாத் என்ற சுடுதண்ணீர்த் தொட்டியில் இறக்கி, டைமரில் 30 நிமிடம் வைத்தாள். காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல், ஒரு தாள் ஸ்டிக்கர் முழுதும் கறுப்பு மார்க்கரால் "செயலிழந்தது", "செயலிழந்தது" என்று எழுதிக்கொண்டே போனாள். டைமரில் இன்னும் 22 நிமிடம் மிச்சம்.

"தங்கச்சி, அது செத்ததை யார் பார்த்தது?" என்று கேட்டேன்.

"அரை மணித்தியாலம் வைக்கிறோமே, மிஸ்" என்றாள்.

நானும் ஒரு காலத்தில் இதே பதிலைச் சொன்னவள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கையுறை போடு, வாயால் பிப்பெட் உறிஞ்சாதே என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நான் சொல்லப்போவது அதற்கு அப்பால் உள்ளவை.

எபோலா, நிபா போன்ற கொடிய வைரஸ்களை உயிரோடு கையாள, மிக உயர்ந்த பாதுகாப்பான நான்காம் நிலை ஆய்வுகூடம் வேண்டும். எங்கள் மலைநாட்டில் அப்படி ஒன்று கிடையாது. டெங்கு அந்த வகையில் சேராது, ஆனாலும் ஆளைக் கொல்லும். 2017இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் அது கண்டது. இப்படிப்பட்ட கிருமிகளைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் அவற்றின் பல்லைப் பிடுங்க வேண்டும். சூட்டாலோ மருந்தாலோ கொல்லலாம், பலவீனப்படுத்தலாம், அல்லது அதன் மேற்சட்டையை மட்டும் கழற்றி ஒரு சாது வைரஸுக்கு மாட்டலாம். மூன்றுமே நல்ல வழிகள். பிடுங்கிய பல் உண்மையிலேயே வந்துவிட்டதா என்று பார்க்காததுதான் பிழை.

கொல்லும் முறையை நம்பி, செத்ததைச் சோதிக்காமல் விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

அப்போது கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தேன். மாணவர்களின் செய்முறை வகுப்புக்காக டெங்கு வைரஸை வளர்த்து, 56 பாகையில் 30 நிமிடம் சூடாக்கி, திறந்த மேசையில் வைத்துப் பாவிக்கத் திட்டம். தெர்மோமீட்டர் 56 காட்டியது, டைமரும் அடித்தது. டியூபுகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனோம்.

எங்களோடு வேலை செய்த ஓர் அக்கா மட்டும், "கொஞ்சம் கலங்களில் போட்டுப் பார்ப்போமே" என்று ஒரு டியூபில் இருந்து எடுத்து வைத்தார். ஆறாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பாய் விரித்தது போல் ஒட்டிப் படர்ந்திருக்க வேண்டிய கலங்கள் அங்கங்கே உருண்டு, கழன்று மிதந்துகொண்டிருந்தன. வைரஸ் சாகவில்லை. அதற்குள் இரண்டு வகுப்பு முடிந்துவிட்டது. மாணவர்களைக் கூப்பிட்டு, காய்ச்சல் வருகிறதா என்று இரண்டு கிழமை பார்த்தோம். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்கு மாத வேலையை அப்படியே அழித்தோம்.

காரணம் என்ன தெரியுமா? வாட்டர் பாத்தில் தண்ணீர் வற்றி, டியூபின் பாதிக்குத்தான் நின்றது. சூடாக்குவதற்கு முன் டியூபுகளைக் குலுக்கியிருந்தோம். மூடியின் உட்புறத்தில் கடுகளவு துளிகள் ஒட்டிக்கொண்டன. அடியில் இருந்த திரவம் 56 பாகையில் வெந்தபோது, அந்தத் துளிகள் மேலே அறைக்குளிரில் இருந்தன. பிறகு டியூபைக் கவிழ்த்துக் கலக்கியபோது, உயிருள்ள துளி செத்த திரவத்தில் விழுந்தது. இன்னொன்று: தெர்மோமீட்டர் தண்ணீரில்தான் இருந்தது, டியூபுக்குள் இல்லை. உள்ளே இருந்த திரவம் அந்தச் சூட்டுக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். நாங்கள் எண்ணிய 30 நிமிடம் வைரஸுக்குக் கிடைத்த 30 நிமிடம் அல்ல.

56 பாகை, 30 நிமிடம் என்ற கணக்கே இரத்த சீரத்தில் உள்ள, நோய் எதிர்ப்புக்கு உதவும் கொம்ப்ளிமென்ட் புரதங்களை முடக்க வந்தது. எல்லா வைரஸுக்கும் அது மரண தண்டனை என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்களுக்கு நடந்தது சின்ன விஷயம். 2004இல் பெய்ஜிங்கில், செத்துவிட்டதாக நம்பிய சார்ஸ் வைரஸைச் சாதாரண ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து வேலை செய்தார்கள். அது முழுதாகச் சாகவில்லை. ஒன்பது பேருக்கு நோய் வந்தது. அங்கு வேலை செய்த ஒரு மாணவியைக் கவனித்துக்கொண்ட அவளுடைய தாய் இறந்துபோனார். ஆய்வுகூடத்துக்குள் காலடி வைக்காத ஒரு பெண். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1955இல் அமெரிக்காவில் கட்டர் நிறுவனத்தின் போலியோ தடுப்பூசியிலும் இதே கதைதான். கலத் துகள்களின் கட்டிகளுக்குள் ஒளிந்திருந்த வைரஸை, அதைக் கொல்லப் போட்ட ஃபோர்மலின் மருந்து எட்டவில்லை. ஏறத்தாழ 200 பேருக்குக் கை கால் விளங்காமல் போனது. பத்துப் பேர் இறந்தார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? சூடாக்கிய பின் திரவத்தைப் புதிய டியூபுக்கு மாற்றுங்கள். அதில் ஒரு பங்கை வீரோ கலங்களில் (வைரஸ் வளர்க்கப் பாவிக்கும் குரங்குக் கலங்கள்) விடுங்கள். வளரவில்லை என்றால் அதோடு நிறுத்தாமல், அந்தக் கலங்களின் திரவத்தை எடுத்துப் புதிய கலங்களில் மறுபடியும், அதன் பிறகு இன்னொரு தடவையும் விட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே சூடாக்காத வைரஸையும் ஒன்றில் விட வேண்டும். அது வளர்ந்தால்தான் உங்கள் சோதனையை நம்பலாம். மருந்தால் கொன்றிருந்தால் மருந்தை முதலில் அகற்றுங்கள். மிச்ச ஃபோர்மலின் கலங்களையே கொன்றுவிடும். பிறகு எது எதைக் கொன்றது என்று தெரியாது. ஸ்டிக்கர் எழுதுவது இத்தனைக்கும் பிறகு.

பிசிஆரை வைத்து உயிர் பார்ப்பது

பிசிஆர் (மரபணுவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் சோதனை) மரபணுவைத்தான் தேடும். செத்த வைரஸிலும் அது கிடக்கும்.

தடித்த திசுவை ஃபோர்மலினில் போட்டுவிட்டு மறந்துவிடுவது

விசர்நாய்க்கடி சோதனைக்கு வரும் மூளைத் துண்டு போன்றவற்றுக்குள் ஃபோர்மலின் மெதுவாகத்தான் ஊறும். வெளிப்புறம் இறுகியிருக்கும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். மெல்லிசாக வெட்டுங்கள்.

போலி வைரஸை அசல் என்று நினைப்பது

மாடு, குதிரைகளுக்கு வாய்ப்புண் தரும் ஒரு வைரஸின் மேற்புரத மரபணுவை நீக்கிவிட்டு, நிபாவின் மேற்புரதத்தை மாட்டுவார்கள். உள்ளே மின்மினிப் பூச்சியிடமிருந்து எடுத்த ஒளி மரபணு இருக்கும். அது கலத்துக்குள் ஒரே ஒரு தடவை நுழையும், கலம் ஒளிரும், அதோடு சரி. நோயிலிருந்து மீண்டவரின் சீரம் அந்த நுழைவைத் தடுத்தால் ஒளி மங்கும். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இது, எங்களைப் போன்ற சின்ன ஆய்வுகூடங்களுக்கு ஒரு வரம். ஆனால் அது காட்டுவது நுழைவாசலை மட்டும். உள்ளே போன பின் நிபா எப்படிப் பெருகும், பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து வேலை செய்யுமா என்பதை அதனிடம் கேட்கக் கூடாது. "போலிதானே" என்று கையுறையைக் கழற்றுவதும் கூடாது.

லைசிஸ் பஃபர் கழிவில் ப்ளீச் ஊற்றுவது

லைசிஸ் பஃபர் என்பது கலத்தையும் வைரஸையும் உடைக்கும் திரவம். குவானிடின் என்ற இரசாயனம் உள்ள அப்படிப்பட்ட திரவத்தோடு ப்ளீச் சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஒருபோதும் வேண்டாம்.

மலையில் இருப்பதை மறப்பது

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தண்ணீர் அங்கே சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு அவியச் சுணங்குவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே ஊரில் ஆய்வுகூடத்துக்குள் போனதும் அதை மறந்துவிடுகிறோம்.

பழைய ஆட்டோகிளேவ்களில் (அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் இயந்திரம்) அழுத்த முள் மட்டும்தான் இருக்கும். 15 பவுண்டு என்றால் 121 பாகை என்பது கடல் மட்டத்துக் கணக்கு. முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தத்தை. மலையில் வெளிக்காற்றே மெலிந்தது என்பதால், அதே 15 பவுண்டில் உள்ளே 121 வராது. ஆயிரம் அடிக்கு அரைப் பவுண்டு என்று கூட்டினால் நுவரெலியாவில் 18 பவுண்டு வேண்டும். இயந்திரம் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

பையில் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் சூடு பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். வெப்பத்தைத் தாங்கும் பக்டீரியா வித்திகள் உள்ள சின்னக் குப்பி ஒன்று விற்கிறார்கள். அதைக் கழிவுப் பையின் நடுவில் வைத்து ஓட்டி, பிறகு வளர்த்துப் பார்க்கிறோம். குப்பியின் நிறம் மாறினால் வித்திகள் பிழைத்துவிட்டன. அப்படியானால் அன்றைய பை மறுபடியும் உள்ளே போகும்.