போலந்தின் கடைத்தெரு மாறிய கதை: எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

கம்யூனிச ஆட்சிக்குப் பின் போலந்தின் உணவுச் சில்லறை வணிகம் பற்றி எழுதுவோர் பலரும் தேதியிலேயே சறுக்குகிறார்கள். எல்லாவற்றையும் 1990 ஜனவரியில் தொடங்கிய, சந்தைப் பொருளாதாரத்துக்கு மாற்றும் பால்செரோவிச் சீர்திருத்தத் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஆனால் இறைச்சிக்கான ரேஷன் கூப்பன் 1989 ஜூலையோடு முடிந்துவிட்டது. ஆகஸ்ட் 1ஆம் தேதி உணவு விலைகளும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து அவிழ்த்துவிடப்பட்டன. அப்போது பிரதமர் நாற்காலியில் இருந்தவர் கம்யூனிஸ்டான ரகோவ்ஸ்கி.

அடுத்தது சில்லறை வணிகத்தில் 'தனியார் பங்கு' எவ்வளவு என்பது. இதில்தான் பெரிய பள்ளம். நகரங்களில் ஸ்பொவெம் என்ற நுகர்வோர் கூட்டுறவு, கிராமங்களில் விவசாயிகளின் சுயஉதவிச் சங்கம் என உணவுக் கடைகளில் கணிசமானவை கூட்டுறவுகளின் கையில் இருந்தன. பழைய கணக்கில் இவை அரசுக் கடைகளோடு சேர்ந்து 'சமூகமயமான துறை'; பின்னர் புள்ளிவிவரத்தில் தனியார் துறைக்கு மாற்றப்பட்டன. அதே கடை, அதே ஊழியர், அதே தராசு, தலைப்பு மட்டும் வேறு. ஆகவே தனியார் சதவீதத்தை எடுத்தாளும் முன் கூட்டுறவுகளைத் தனி வரியாகப் பிரித்துவிடுங்கள். கடைகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பவும் கூடாது. மடக்குக் கட்டிலில் சரக்கைப் பரப்பி விற்றவர்கள் பலர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. புதிதாக முளைத்தவையோ பெரும்பாலும் சின்னக் கடைகள். விற்பனைப் பரப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்லோட்டி தொகைகளிலும் கவனம் வேண்டும். 1995 ஜனவரி 1 முதல் 10,000 பழைய ஸ்லோட்டி ஒரு புதிய ஸ்லோட்டி ஆனது. 1990இல் பணவீக்கம் 500 சதவீதத்துக்கும் மேல். பணவீக்கத்தைக் கழிக்காத விற்பனைத் தொகையால் பயனில்லை.

கடைகளையே பார்த்துக்கொண்டு மொத்த வியாபாரத்தை விட்டுவிடுவது இன்னொரு தவறு. 1990 ஜனவரியில் வந்த சட்டம் கூட்டுறவு ஒன்றியங்களைக் கலைத்தது. கடைகளை நடத்திய அடிமட்டச் சங்கங்கள் பிழைத்தன. அவற்றுக்கு மேலிருந்த அமைப்பு போனது. அந்த இடைவெளியில் புகுந்தவர்கள் சிறு தனியார் மொத்த வியாபாரிகள். 1994இல் மாக்ரோ என்ற வெளிநாட்டு மொத்த விற்பனைக் கடை வந்தபோது அதை நாடியவர்களும் இந்தச் சிறு கடைக்காரர்கள்தான்.

வெளிநாட்டு ஹைப்பர்மார்க்கெட்டுகள் வந்து அரசுக் கடைகளை விழுங்கின என்பதும் கால வரிசைக்கு ஒவ்வாது. பிரெஞ்சு ஹைப்பர்மார்க்கெட்டான ஓஷான் 1996இல்தான் வந்தது; அதற்குள் கடைகள் கைமாறி ஆண்டுகள் ஆகிவிட்டன. கடைசியில் சந்தையைப் பிடித்ததும் ஹைப்பர்மார்க்கெட் இல்லை. 1995இல் போஸ்னானில் முதல் கடை திறந்து, பின்பு போர்ச்சுகல் நிறுவனமான ஜெரோனிமு மார்ட்டின்ஸ் வசம் போன பியெத்ரொங்கா என்ற மலிவுவிலைக் கடை. பிரிட்டனின் டெஸ்கோ 2020இல் தன் போலந்துக் கடைகளை விற்க ஒப்பந்தம் போட்டது. வாங்கியது மலிவுவிலைக் கடையான நெட்டோவின் உரிமையாளர். ஹைப்பர்மார்க்கெட், மலிவுவிலைக் கடை என்ற இரு வகைகளையும் 'சூப்பர்மார்க்கெட்' என்ற ஒரே பத்தியில் அடைத்த அட்டவணையில் இந்தத் திருப்பம் தெரியவே தெரியாது.