சோலார் கடனா? முதலில் ஈபி கார்டை எடுங்கள்

மொட்டை மாடியில் சோலார் போட ஆசை வந்ததும் பலரும் பேனல் விற்கிறவருக்குத்தான் முதல் போனைப் போடுகிறார்கள். அதற்கு முன் வீட்டு ஈபி கார்டைக் கையில் எடுங்கள். கடன் தேவையா, எவ்வளவு தேவை, யார் பெயரில் கிடைக்கும் என்ற மூன்றுக்கும் விடை அதில் இருக்கிறது.

வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் 78,000 ரூபாய்தான். 3 கிலோவாட் வரை பொதுத்துறை வங்கிகள் அடமானம் இல்லாமல் 2 லட்சம் வரை கடன் தருகின்றன. பத்து சதவீதம் நம் கையிலிருந்து போட வேண்டும்.

மானியம் 3 கிலோவாட்டுக்குத்தான் அதிகம் என்று எல்லோரும் அதையே கேட்பதுதான் பெரிய தவறு. ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அப்படியானால் 3 கிலோவாட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 720 யூனிட். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட்டாவது எப்படியும் இலவசம். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓடும் வீட்டுக்குக் கட்டணமே சில நூறு ரூபாய்தான். அதை மிச்சப்படுத்த மாதம் 2,000 ரூபாய் தவணை கட்டுவதில் என்ன லாபம்? 500 யூனிட்டைத் தாண்டுகிற, ஏசி ஓடுகிற வீடுகளுக்குக் கணக்கே வேறு. அங்கே யூனிட் விலை ஏறிக்கொண்டே போகும், சோலார் உண்மையாகவே கைகொடுக்கும். ஒரு வருடத்து ரீடிங்கைக் கூட்டிப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது பெயர். எங்கள் சித்தி வீட்டில் மின் இணைப்பு, காலமான தாத்தா பெயரிலேயே இருந்தது. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்ன விற்பனையாளர் முன்பணத்தையும் வாங்கிக்கொண்டார். விண்ணப்பம் நின்றுபோனது. வாரிசுச் சான்று வாங்கி, பெயர் மாற்றி முடிப்பதற்குள் சித்தி அலைந்த அலைச்சல் எனக்கு இன்னும் வருத்தம். மின் இணைப்பு, வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

விற்பனையாளரே "ஈஎம்ஐ போட்டுத் தருகிறோம்" என்றால், அது இந்தத் திட்டத்தின் கடன்தானா என்று கேளுங்கள். திட்டக் கடனுக்கு மத்திய அரசின் ஜன் சமர்த் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அதன் வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்தை ஒட்டியது. தனிநபர் கடன் வட்டியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

மானியத்தைக் கழித்துவிட்டுத் தவணையைக் கணக்குப் போடுவதும் தவறு. நெட் மீட்டர் (நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பி அனுப்புவதையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்தி, சோலார் இயங்கத் தொடங்கிய பிறகுதான் அது உங்கள் கணக்குக்கு வரும். அதுவரை முழுக் கடனுக்கும் தவணை ஓடும். 1,80,000 ரூபாயை 7 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 2,090 ரூபாய். 78,000 வந்ததும் கடனில் கட்டிவிட்டு அதே தவணையைத் தொடர்ந்தால், மிச்சம் ஐந்து வருடத்துக்குள் முடிந்துவிடும். வந்த மானியத்தை நகைக்கும் விசேஷத்துக்கும் செலவழித்துவிடாதீர்கள்.

இந்தியாவில் செய்த செல்கள் உள்ள பேனலுக்கு மட்டுமே மானியம். விலை குறைவு என்று வேறு பேனலுக்குச் சரி சொன்னால் மானியம் போச்சு. கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். ஐந்து வருடப் பராமரிப்பையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மின்வெட்டுக்காகவே கடன் வாங்க நினைப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக நிழல். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது தண்ணீர்த் தொட்டியின் நிழல் வடக்கே நீளும். சித்திரை வெயிலில் மாடியைப் பார்த்து இடம் குறித்தால், மார்கழியில் பாதிப் பேனல் நிழலில் கிடக்கும்.