சுங்கை சிப்புட்டிலிருந்து திருச்சி: தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போடுவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பி, கோலாலம்பூரில் விமானம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். டிக்கெட்டில் இரவு 9.30 புறப்பாடு, 11.00 திருச்சி என்று இருந்தால், ஒன்றரை மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகாரம். மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது அதைக் கூட்ட வேண்டும். 4 மணி நேரம் வரும். வரும்போது கழிக்க வேண்டும்: இரவு 11.50க்கு ஏறி மறுநாள் காலை 6.20க்கு இறங்கினாலும் அதே 4 மணிதான். லண்டன் என்றால் இன்னொரு சிக்கல்: குளிர்காலத்தில் 8 மணி வித்தியாசம், கோடையில் 7.

தூரத்தைக் கையாலேயே போடலாம். கோலாலம்பூர் விமான நிலையத்துக்கும் திருச்சிக்கும் அட்சரேகையில் 8 பாகை, தீர்க்கரேகையில் 23 பாகை வித்தியாசம். நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே வருவதால் 23ஐ இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகையின் கொசைன் (cos) மதிப்பான 0.993ஆல் பெருக்குங்கள், 22.8. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 24.2 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். ஆக, ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர்.

இந்தக் குறுக்குவழி நம் பக்கத்துக்குத்தான் சரிப்படும். லண்டனுக்குப் போட்டால் 11,450 வரும். உண்மையில் சுமார் 10,600தான். பூமி உருண்டை, நெடுந்தூரத்துக்குத் தட்டை வரைபடக் கணக்கு கால்வாரிவிடும்.

இனி நேரம். மணிக்கு 830 கிலோமீட்டர் என்று வகுத்தால் 3 மணி 15 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் 40 நிமிடம் சேருங்கள். டிக்கெட்டில் உள்ள 4 மணி நேரத்தோடு ஒத்துப்போகும்.

ஆனால் தோட்டத்துப் பக்கம் இருந்து கிளம்புகிறவர்களுக்கு ஆகாயம் பெரிய விஷயமே இல்லை, தரைதான். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 9.30 விமானத்துக்கு 6.30க்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் 1 மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இருந்து விரைவு ரயில் விமான நிலையத்தின் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாவதுக்கு 33. சுங்கை சிப்புட்டிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு இடிஎஸ் என்ற மின்சார ரயிலில் சுமார் 3 மணி நேரம். ரயில் மாற அரை மணி, தாமதத்துக்கு அரை மணி என்று ஒதுக்கினால், மதியம் 2 மணி ரயிலைத் தவறவிடக் கூடாது. திருச்சியில் இறங்கும்போது நம் வீட்டுக் கடிகாரத்தில் பின்னிரவு 1.30, மொத்தம் பதினொன்றரை மணி நேரம்.

காரில் போனால் 290 கிலோமீட்டர். பெருநாள் விடுமுறையில் தாப்பாவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையிலேயே கூடுதலாக 2 மணி நேரம் போய்விடக்கூடும். எந்த முனையம் என்று முன்பே பாருங்கள். மாறிப் போய்விட்டால் பதற வேண்டாம், இரண்டுக்கும் இடையே 3 நிமிட ரயில்தான்.

அதிகம் பேர் ஏமாறுவது தேதியில். சனிக்கிழமை 00.30 என்று போட்டிருந்தால், வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கே ரயில் ஏறியாக வேண்டும்.