குழந்தையின் பேச்சொலிக் கோளாறு எவ்வளவு தீவிரம்? அளந்து சொல்லும் முறை

"லேசான பாதிப்பு", "கடுமையான பாதிப்பு" என்று அறிக்கையில் எழுதிவிடுவது சுலபம். ஆனால் வாரத்துக்கு எத்தனை அமர்வு, யாருக்கு முதல் இடம், பள்ளியில் என்ன உதவி என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் முடிவாகிறது. ஒரே குழந்தையை இரண்டு பேச்சுச் சிகிச்சையாளர்கள் பார்த்து இரண்டு விதமாக எழுதுவதும் உண்டு. ஒருவர் தவறிய ஒலிகளை எண்ணியிருப்பார், மற்றவர் பேச்சு புரிகிறதா என்று பார்த்திருப்பார். இவை இரண்டும் வேறு வேறு அளவுகள். இரண்டையும் எடுக்க வேண்டும். அவை ஒத்துப்போகாத இடத்தில்தான் உண்மையான மதிப்பீடு தொடங்குகிறது.

முதலில் முடிக்க வேண்டியவை

காது கேட்கும் திறனைப் பார்க்காமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் 20 டெசிபல் அளவில் இரண்டு காதுகளையும் தனித்தனியாகச் சோதிப்பது குறைந்தபட்சம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் கேள்திறன் ஏறி இறங்கும். ஒருமுறை தேறியது என்பதால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடக் கூடாது.

அடுத்து வாய். அண்ணத்தில் பிளவு, பிளவுபட்ட உள்நாக்கு, மூக்கு வழியாகக் காற்று ஒழுகுவது ஆகியவற்றைப் பாருங்கள். நாக்கின் அடிச்சவ்வைக் காரணம் காட்டிக்கொண்டு வரும் பெற்றோர் நிறைய. ககரம் பின்நாக்கு மேலே எழுவதால் பிறக்கும் ஒலி. குழந்தை 'க'வை 'த' என்று சொன்னால் நுனிநாக்கின் கீழுள்ள சவ்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை முதல் நாளே விளக்கிவிடுவது நல்லது.

மூன்றாவது, எது சரி என்று வரையறுப்பது. எழுத்துத் தமிழை அளவுகோலாக வைத்தால் பாதிக் குழந்தைகள் பாதிப்புள்ளவர்கள் ஆகிவிடுவார்கள். 'பால்' பேச்சில் 'பாலு' ஆகும். 'மரம்' என்பதன் இறுதி மகரம் பெரும்பாலும் மறைந்து, உயிரொலி மூக்கொலியாக முடியும். ழகரத்தை ளகரமாகச் சொல்லும் வீடுகள் ஏராளம், யகரமாகச் சொல்லும் வழக்கும் உண்டு. ர, ற வேறுபாடு பலருடைய பேச்சில் இல்லவே இல்லை. எனவே குழந்தைக்குக் காட்டும் அதே படங்களில் பத்துப் பதினைந்தை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் சொல்வதுதான் இலக்கு ஒலி.

இரண்டு மாதிரிகள்

ஒன்று, படம் பார்த்துப் பெயர் சொல்வது. குறைந்தது 50 சொற்கள் வேண்டும். ஒவ்வொரு மெய்யும் வரக்கூடிய எல்லா இடங்களிலும் வர வேண்டும். இரண்டு அசைச் சொற்களோடு நின்றுவிடாதீர்கள். 'பட்டாம்பூச்சி', 'முருங்கைக்காய்' போன்ற நீண்ட சொற்களில்தான் பல குழந்தைகளின் சிக்கல் வெளியே வரும்.

இன்னொன்று, இயல்பான பேச்சு. பொம்மை வைத்து விளையாடிக்கொண்டோ, படக்கதை பார்த்துக்கொண்டோ சுமார் 100 வெவ்வேறு சொற்கள் கிடைக்கும் வரை பேச விடுங்கள். "இது என்ன நிறம்?" என்பது போல ஒற்றைச் சொல்லில் பதில் வரும் கேள்விகள் இங்கே உதவாது. ஒலிவாங்கி வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கட்டும். பதிவைச் சுருக்கப்படாத கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். செய்திச் செயலிகள் வழியாக அனுப்பிய ஒலிப்பதிவில் ச, ஸ, ஷ ஆகியவற்றின் உயர் அதிர்வெண் தேய்ந்துபோகும், அவற்றுக்கிடையிலான நுண்ணிய வேறுபாட்டை அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

குழந்தை ஒன்றைச் சொன்னதும், அது என்ன சொல்ல வந்தது என்று உங்களுக்குப் புரிந்ததை உடனே நீங்கள் ஒருமுறை சொல்லிவிடுங்கள். திருத்துவதற்காக அல்ல, பதிவில் இலக்குச் சொல் இருக்க வேண்டும் என்பதற்காக. இதன் அருமை எண்ணும்போதுதான் தெரியும்.

மெய்யொலிகளை எண்ணுவது

துறையில் பி.சி.சி. என்று சொல்லும் அளவு இது: சரியாக ஒலித்த மெய்களை இலக்கு மெய்களின் மொத்தத்தால் வகுத்து 100ஆல் பெருக்குவது. ஷ்ரிபர்கும் குவியட்கோவ்ஸ்கியும் 1982இல் வெளியிட்ட முறை. விதிகள் சில:

- இலக்குச் சொல்லில் உள்ள மெய்களை மட்டும் எண்ணுங்கள். குழந்தை கூடுதலாகச் சேர்த்த மெய், மொத்தத்தில் வராது.
- புரியாத சொல்லையும், அரைகுறையாகப் புரிந்த சொல்லையும் விட்டுவிடுங்கள்.
- விட்டது, மாற்றியது, சிதைத்தது மூன்றும் தவறுதான்.
- திக்கித் திரும்பச் சொன்ன அசையை ஒருமுறைதான் எண்ண வேண்டும்.
- தமிழில் 'க்க', 'ட்ட' போன்ற இரட்டிப்பை ஒரு மெய்யாக எண்ணுவதா, இரண்டாகவா என்று முன்பே முடிவு செய்து அறிக்கையில் எழுதிவிடுங்கள். கீழே ஒன்றாகவே எண்ணியிருக்கிறோம்.

குழந்தை சொன்னது: "தாத்தா பயந்து போத்து." சொல்ல வந்தது: "காக்கா பறந்து போச்சு." 'காக்கா'வில் இரண்டு மெய், இரண்டும் தவறு. 'பறந்து'வில் ப, ற, ந், த் என நான்கு, றகரம் மட்டும் தவறு. 'போச்சு'வில் இரண்டு, ஒன்று தவறு. எட்டில் நான்கு சரி, 50 விழுக்காடு. இப்போது படத்தைப் பார்க்காத ஒருவர் ஒலிப்பதிவை மட்டும் கேட்டு, தாத்தா பயந்துபோன கதையாக்கும் என்று நினைத்தால்? அவர் கணக்கில் எட்டில் ஏழு சரி, 87.5 விழுக்காடு. அதே மூன்று சொற்கள், அதே ஒலிப்பதிவு, ஆனால் பாதிப்பு மேல்படியிலிருந்து "லேசானது" என்று இறங்கிவிட்டது. இலக்கு தெரியாமல் எண்ணிய பி.சி.சி. குழந்தையை உண்மை நிலையைவிட நன்றாகவே காட்டும்.

முழு மாதிரிக்கும் கணக்கிட்ட பிறகு வழக்கமான எல்லைகள் இவை: 85க்கு மேல் லேசானது, 65 முதல் 85 வரை லேசான–மிதமானது, 50 முதல் 65 வரை மிதமான–கடுமையானது, 50க்குக் கீழ் கடுமையானது. இவை ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்து வகுத்தவை. தமிழில் சொற்கள் நீளம், இரட்டிப்புகள் அதிகம், சொல் தொடக்கத்தில் மெய்க்கூட்டங்கள் குறைவு. அதனால் எல்லைக் கோட்டில் நிற்கும் எண்ணை அப்படியே சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டரை வயதுக் குழந்தைக்கு இந்த அட்டவணையைப் போட்டால் இயல்பான மழலைகூடக் கோளாறாகத் தெரியும்.

சிதைந்த ஒலியைச் சரி என்று எடுத்துக்கொள்ளும் திருத்தப்பட்ட வகையும் உண்டு. இரண்டையும் கணக்கிட்டுப் பாருங்கள். பல்லிடுக்கில் நாக்கு வைத்து 'ஸ' சொல்லும் குழந்தைக்கு முதல் எண் குறைந்தும் இரண்டாவது எண் 100ஐ ஒட்டியும் இருக்கும். இரண்டும் சேர்ந்தே விழுந்திருந்தால் ஒலிகள் ஒன்றுக்கு ஒன்று மாறுகின்றன, அல்லது விடுபடுகின்றன.

கேட்பவருக்குப் புரிகிறதா

மெக்லியாட், ஹாரிசன், மெக்கார்மக் 2012இல் வெளியிட்ட சூழல்சார் தெளிவு அளவுகோல் கைக்கு அடக்கமானது. பெற்றோரிடம் ஏழு கேள்விகள்: கடந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு, வீட்டாருக்கு, உறவினருக்கு, நண்பர்களுக்கு, தெரிந்தவர்களுக்கு, ஆசிரியருக்கு, அந்நியருக்குக் குழந்தை பேசுவது புரிந்ததா? எப்போதும் என்றால் 5, ஒருபோதும் இல்லை என்றால் 1. கூட்டி ஏழால் வகுங்கள். சராசரியைவிட, முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் உள்ள இடைவெளிதான் நிறையச் சொல்லும். அம்மா 5 போட்டு அந்நியருக்கு 2 போட்டால், வீட்டில் அம்மாதான் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கிறார் என்று அர்த்தம்.

பெற்றோர் மதிப்பீட்டோடு நிறுத்தாமல், குழந்தையை அறியாத ஒருவரை ஒலிப்பதிவு கேட்டு எழுதச் சொல்லுங்கள். புரிந்த சொற்களை மொத்தச் சொற்களால் வகுத்தால் தெளிவு விழுக்காடு. ஒரே பதிவை இரண்டாம் முறை கேட்க விடாதீர்கள், காது பழகிவிடும். 3 வயதில் முக்கால்பங்கு, 4 வயதில் ஏறக்குறைய முழுதும் புரிய வேண்டும் என்ற பழைய கணக்கு பெற்றோர் சொன்னதிலிருந்து வந்தது. அந்நியரைக் கேட்க வைத்து அளந்தால் இயல்பான குழந்தைகளுக்கே எண்கள் அதைவிடக் குறைவாக வரும்.

எந்த மாதிரித் தவறு

இரண்டு குழந்தைகளுக்கும் பி.சி.சி. 70 என்று வையுங்கள். ஒருவன் ரகரத்தை யகரமாக்குகிறான், கூடவே 'க' 'த' ஆவது போல ஒருசில ஒலிகள் வாயின் முன்பக்கம் நகர்கின்றன. வயதுக்குப் பின்தங்கியவை, ஆனால் எல்லாக் குழந்தைகளும் கடந்து வரும் பாதைதான். இன்னொருவன் சொல்லின் முதல் மெய்யை விழுங்குகிறான், 'பூனை' அவனிடம் 'ஊனை'. முன்னொலிகளைத் தொண்டைப்பக்கம் தள்ளுகிறான். வளர்ச்சிப் பாதையில் வழக்கமாக வராத தவறுகள் இவை, அதே எண்ணுக்கு இவன் பாதிப்பைக் கூடுதலாகவே கொள்ள வேண்டும்.

உயிரொலிகளையும் தனியாக எண்ணுங்கள். பொதுவாக 3 வயதுக்குள் உயிர்கள் நிலைபெற்றுவிடும். 4 வயதில் உயிர் தவறினால் எண் சிறிதாக இருந்தாலும் கவனிக்க வேண்டியது.

ஒரே சொல் ஒவ்வொரு முறையும் மாறுகிறதா? 25 சொற்களை, இடையில் வேறு விளையாட்டு வைத்து, ஒரே அமர்வில் மூன்று முறை சொல்ல வையுங்கள். 10 சொற்களோ அதற்கு மேலோ, அதாவது 40 விழுக்காடு, மாறி மாறி வந்தால் நிலையற்ற தவறு எனக் கொள்ளலாம். அதோடு ஒலியிலிருந்து ஒலிக்குத் தாவும்போது இழுபறி, தப்பான அழுத்தம், ஏற்ற இறக்கமற்ற பேச்சு ஆகியவையும் இருந்தால் பேச்சுச் செயல்திட்டக் கோளாறா, அதாவது பேச்சுக்கான வாய் அசைவுகளை மூளை திட்டமிடுவதில் சிக்கலா, என்று தனியே சோதிக்க வேண்டும். நிலையின்மை ஒன்றை மட்டும் வைத்து அந்தப் பெயரைச் சூட்டுவது அவசரம்.

கடைசியாக, தவறும் ஒவ்வொரு ஒலியையும் "என்னைப் பார், கேள், இப்படிச் சொல்" என்று காட்டித் தனியாகவும் அசையிலும் முயல விடுங்கள். சொல்லிக்காட்டியும் வராத ஒலிகள் எத்தனையோ, அத்தனை கனமான பாதை முன்னால் இருக்கிறது.

எண்கள் முரண்படும்போது

பி.சி.சி. 80க்கு மேல், ஆனால் அந்நியருக்குப் பாதிகூடப் புரியவில்லை என்றால் மூன்று இடங்களைத் தேடுங்கள்: பேச்சு வேகம், உயிரொலி, மூக்கொலிப்பு. மறுபக்கம், பி.சி.சி. 60 ஆனாலும் எல்லாருக்கும் புரிகிறது என்றால் தவறு ஒரேமாதிரியாக ஒரு வகையிலேயே விழுகிறது, கேட்பவர் அதைப் பழகிக்கொள்கிறார். இந்த இடத்தில் இரண்டையும் கூட்டிச் சராசரி போடாதீர்கள். அந்தச் சராசரிக்கு எந்தப் பொருளும் இல்லை.

அறிக்கையில் ஒற்றைச் சொல் போதாது. "4 வயது 6 மாதம். இயல்பு பேச்சில் பி.சி.சி. 62, இரட்டிப்பு ஒன்றாக எண்ணப்பட்டது. அந்நியருக்குத் தெளிவு 45 விழுக்காடு. ககரம் தகரமாதல், சகரம் தகரமாதல். உயிர் தவறில்லை. ககரம் காட்டினால் அசையில் வருகிறது. பிறர் திரும்பக் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுகிறது." இவ்வளவும் எழுதிய பிறகு "மிதமான–கடுமையானது" என்று போடலாம். அந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். பேசப் பயப்படுவது எந்த விழுக்காட்டிலும் தெரியாது.

மாதிரியில் பத்தில் ஒரு பங்கையாவது இன்னொருவர் தனியே எழுதி ஒப்பிடட்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும் அளக்கும்போது அதே படங்கள், அதே எண்ணும் விதிகள், அறிமுகமில்லாத புதிய கேட்பவர். 62 என்பது 65 ஆனதைப் பார்த்து முன்னேற்றம் என்று சொல்லிவிடாதீர்கள். எழுதுபவர் காதிலேயே அவ்வளவு வேறுபாடு வந்துவிடும்.